நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பெய்யூனுக்கு ஒரு கடிதம் வரும். பதினோரு வருஷமாக வருகிறது. மற்றபடி அவள் கணினிக்கு வந்து விழுகிறவை எல்லாம் வசவுதான். உன் நிரலால் என் வேலை நின்றுபோயிற்று, இதைக்கூடச் சோதித்துப் பார்க்காமலா வெளியிட்டாய், ஒரு வாரமாகக் கேட்கிறேன் தூங்குகிறாயா என்று முகம் தெரியாதவர்கள் எழுதுவார்கள். தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஜனம் எந்த ஊரில்தான் இல்லை?

அவள் பார்த்துக்கொள்வது ஷுவான் என்கிற நிரல் தொகுப்பை. ஷுவான் என்றால் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் தாழ்க்கட்டை. மற்ற நிரல்கள் தங்கள் இரகசியங்களைப் பூட்டி அனுப்ப இதை எடுத்து உள்ளே செருகிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ரயில் நிலையக் கதவு, வீட்டு வைஃபை பெட்டி, ஆஸ்பத்திரிக் கருவி என்று எத்தனை லட்சம் இடங்களில் அது உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. தொடங்கியபோது ஏழு பேர். ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒருத்தர் வெளிநாடு போனார், இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள், மற்ற இருவர் எப்போது போனார்கள் என்பதே தெரியவில்லை. கடைசியில் தாழ்க்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பெய்யூன் ஒருத்தி. ஆனாலும் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் "நாங்கள் இதைச் சரிசெய்திருக்கிறோம்" என்றே எழுதுவாள்.

வயது நாற்பத்தொன்பது. கீலுங் துறைமுகத்துக்கு மேலே சரிவில் நாலாவது மாடி வீடு. வாரத்தில் மூன்று நாள் துறைமுக அலுவலகம் ஒன்றில் கணினி வேலை, மிச்சமெல்லாம் ஷுவான். ஓயாத மழை ஊர்; சுவரில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் பெட்டி நாள் முழுக்க ஓடும், அதன் தண்ணீரை எடுத்து ஊற்றுவதுதான் வீட்டு வேலை. அவளிடம் தினமும் வாய்விட்டுப் பேசுகிற ஆள் கீழே காலைப் பலகாரக் கடைக்காரி மட்டும். அவள் வருகிற பெண்கள் எல்லாரையும் "அழகி" என்றுதான் கூப்பிடுவாள், தொண்ணூறு வயதுப் பாட்டியையும் சேர்த்து. அந்த "அழகி"யையும் முட்டை ரொட்டியையும் வாங்கிக்கொண்டு பெய்யூன் மாடி ஏறிவிட்டால் அன்றைய பேச்சு தீர்ந்தது.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமைக் கடிதம் அவளுக்குப் பெரிது. அனுப்புகிறவர் தம்மைப் "பழைய ஆலை" என்று சொல்லிக்கொள்வார். முப்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய கணினி இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஷுவானின் புதிய வரிகளை வாராவாரம் அதில் ஓட்டிப் பார்த்து, எது தேறியது எது தேறவில்லை என்று பட்டியல் அனுப்புவார். பட்டியலை இயந்திரம் எழுதும், மேலே ஒரு வரி மட்டும் அவர் கையால் தட்டியது: "இந்த வாரமும் தேறிவிட்டது. உங்கள் உழைப்புக்கு நன்றி." இதையும் அந்தத் தொழிலின் வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் எழுதுவார். அவளும் ஆங்கிலத்தில், "உங்கள் உழைப்புக்கும்" என்று பதில் போடுவாள். அவ்வளவே. ஆனால் திங்கட்கிழமை அந்த வரியைப் படித்த பிறகுதான் பெய்யூன் தேநீர் போடுவாள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு பெரும்புயல் வந்து அவள் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் கணினியைத் திறந்தால் பழைய ஆலையிடமிருந்து கடிதம்: "புயலால் இயந்திரம் நின்றுவிட்டது, ஒரு நினைவகப் பலகையும் போய்விட்டது." புயலின் பெயரையும் தம் ஊரையும் எழுதியிருந்தார். அதே புயல்! இத்தனை நாள் உலகத்தின் எந்தக் கோடியிலோ இருக்கிறார் என்று நினைத்த ஆள் இதே தீவில், சியாயி பக்கம் இருக்கிறார். தைபேயில் பழைய பொருள் சந்தையில் தேடி அந்தப் பலகையை வாங்கி, ஒரு கடையில் கொடுத்து இன்னொரு ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளும் பார்சலில் போட்டாள். சீட்டில் எழுத உண்மைப் பெயர் வேண்டுமல்லவா? கே யுவான்தாங் என்று எழுதி அனுப்பினார். அப்புறமாவது சொந்த மொழியில் இரண்டு வார்த்தை எழுதிக்கொண்டார்களா? இல்லை. கூச்சம் வந்துவிட்டது இரண்டு பேருக்கும். பழையபடியே ஆங்கிலம்தான்.

இப்போது வந்த வினை வேறு.

சியோலிலிருந்து பியன் ஹேசோல் என்ற பெண் எழுதியிருந்தாள். நிரல்களில் ஓட்டை தேடுவதே அவள் தொழில். கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டாமல் உரியவர் காதில் மட்டும் போடுவது அந்தத் தொழிலின் மரியாதை. ஷுவானில் ஓட்டை இருக்கிறது என்றாள். இருபத்தொரு நாள் தவணை. அதற்குள் பெய்யூன் அடைத்துவிட வேண்டும். மூன்றாவது செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் உலகத்துக்குச் சொல்வார்கள். அதுவரை ஒரு சொல் வெளியே போகக்கூடாது. போனால், அடைப்பதற்கு முன்னால் திருடன் உள்ளே போய்விடுவான்.

ஓட்டை எங்கே என்று பெய்யூன் பார்த்தாள்: கேயின் இயந்திரத்துக்கென்றே எழுதிய வரிகளில். எண்களை நாம் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்துக்கு எழுதுகிறோம். இன்றைய கணினிகள் தலைகீழாகச் சின்னதை முதலில் வைக்கும். கேயின் பழைய இயந்திரம் நம்மைப் போல எழுதுகிற ரகம். அந்த ரகத்துக்காகவே ஷுவானில் தனியாக நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள் உண்டு. வெளியிலிருந்து வருகிற செய்தியில் ஒரு பொய்க்குறி வைத்து அனுப்பினால், இன்றைய கணினியும் ஏமாந்து அந்தப் பழைய வழிக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே நீளத்தைச் சரிபார்க்கவில்லை. உள்ளே இருக்கிற இரகசியம் மடியிலிருந்து கொட்டிய அரிசியாய் வெளியே வந்துவிடுகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவளே எழுதிய பகுதி அது. கே சோதனை தேறவில்லை என்று எழுதிய மறுநாள், அவர் மனம் வாடக்கூடாதே என்று ஒரே மூச்சில் முந்நூறு வரி எழுதி அனுப்பினாள். யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க யார் இருந்தார்கள்?

மூன்று முறை அடைத்தாள். மூன்று முறையும் ஹேசோல் இரண்டே நாளில் பக்கத்தில் இன்னொரு ஓட்டையைக் காட்டினாள். நாலாவது முறை மெதுவாகக் கேட்டாள்: இந்தப் பழைய வழியை உலகத்தில் யார் பயன்படுத்துகிறார்கள்? ஒரே ஒருவர் என்று பெய்யூன் பதில் போட்டாள். அப்படியென்றால் எடுத்துவிடலாமே என்றாள் அந்தப் பெண். நியாயம்தான். எப்போதோ எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு விதமாக எழுதி எழுதி விரல் தேய்ந்தபோதெல்லாம் பெய்யூன் எடுக்க நினைத்ததுண்டு. ஆனால் அதை எடுத்தால் கேயின் இயந்திரத்தில் ஷுவான் ஓடாது. ஓடாவிட்டால் சோதனை இல்லை. சோதனை இல்லாவிட்டால் திங்கட்கிழமை இல்லை.

இதுதான் அவளை அரித்தது. லட்சம் கதவுகளுக்கு முன்னால் ஒரு கடிதம் பெரிதா என்றால் இல்லைதான், அது அவளுக்குத் தெரியாதா என்ன? எடுக்கத்தான் போகிறாள். அவரிடம் என்ன சொல்லி எடுப்பது? உண்மையைச் செவ்வாய்க்கிழமை வரை சொல்ல முடியாது. சும்மா ஒழுங்குபடுத்துகிறோம் என்று பொய் சொன்னால், பதினோரு வருஷம் உழைத்தவரைக் கறிவேப்பிலையாய்த் தூக்கி எறிந்ததாக ஆகும். ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அவர் இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட அவளுக்கு மனசு வரவில்லை. எழுதிப் பார்த்தாள், அழித்தாள். கடைசியில், சனிக்கிழமை சியாயி பக்கம் வருகிறேன், இயந்திரத்தைப் பார்க்கலாமா என்று இரண்டே வரி, முதல் தடவையாகச் சொந்த மொழியில் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மின்சியோங் நிலையத்தில் இறங்கி நேரே வரவும், நீல இரும்புக் கதவு, சத்தம் கேட்கும்.

சனிக்கிழமை காலை அன்னாசி கேக் ஒரு பெட்டி வாங்கினாள். இயந்திரத்துக்கென்று ஒரு பச்சைப் பையும் வாங்கினாள். கணினி அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. பையின் பெயரே "சமர்த்து" என்றுதான் அர்த்தம் தரும். இயந்திரத்தின் தலையில் ஒன்றை வைத்தால் அது சமர்த்தாக ஓடும். பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பிரித்துத் தின்னக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதி தாண்டவிடக்கூடாது. தாண்டிய பை வாழ்த்தாது, சபிக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை நம்புகிறார்களா என்றால், நம்புவதில்லை. வைக்காமலும் இருப்பதில்லை. சாகப்போகிற இயந்திரத்துக்குச் சமர்த்துப் பை வாங்குகிறோமே என்று பெய்யூனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

நாலரை மணி நேர ரயில். சின்சூ தாண்டியதும் வானம் வெளுத்து, அப்புறம் நல்ல வெயில். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இவ்வளவு பக்கத்திலா இருந்தார் என்ற நினைப்பு வேறு குத்தியது.

நீலக் கதவுக்கு இருபதடி முன்னாலேயே சத்தம் கேட்டது. கதவைத் திறந்த கே யுவான்தாங்குக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியான, நெட்டையான மனிதர். சட்டையைப் புதிதாக இஸ்திரி போட்டிருந்தார், பித்தானை ஒரு துளை தவறிப் போட்டிருந்தார். பக்கத்துச் சர்க்கரை ஆலையின் கணினி அறையில் முப்பது வருஷம் இருந்தவர். ஆலையை மூடியபோது இரும்புக்காரன் கொண்டுபோக இருந்த இயந்திரத்தைத் தம் வீட்டுக்கு இழுத்து வந்தவர். இதெல்லாம் அப்புறம் சொன்னது. முதலில் கேட்டது, "சாப்பிட்டாச்சா?"

சாப்பிடவில்லை என்றாள். வான்கோழிச் சோறு இரண்டு பொட்டலம் தயாராக வாங்கி வைத்திருந்தார். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கூட யாரும் வரவில்லையா என்று விசாரித்தார்.

"யாரு வருவாங்க சார்?"

"உங்க ஆளுங்க. குறிப்புல 'நாங்கள், நாங்கள்'னு எழுதுவீங்களே. ஒரு பத்துப் பேராவது இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒருத்திதான் சார். ரொம்ப வருஷமா."

அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

இயந்திரம் பின்கட்டு அறையில் இருந்தது. ஆளுயர அலமாரி, உள்ளே விசிறிகள் இரைந்தன. அறைக்குள் அடுப்படி அனல். ஜன்னலில் குளிர்பெட்டி ஒன்று, தரையில் இரண்டு மின்விசிறி, எல்லாம் அதற்காக. இராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். மனைவி இருந்தவரை திட்டிக்கொண்டே இருந்தாளாம், அவள் போய் ஐந்து வருஷமாகிறது. மகள் தைச்சுங்கில் இருக்கிறாள், வந்துவிடுங்கள் என்று நாலு வருஷமாகக் கூப்பிடுகிறாள், அடுக்குமாடி வீட்டில் இந்த இரைச்சலை வைக்க முடியாதே என்று போகவில்லையாம். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பெய்யூன் பச்சைப் பையை எடுத்தாள். இயந்திரத்தின் தலையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வெயிலில் பச்சை வெளுத்துப் போயிருந்தது. மரியாதைக்கு அதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம் என்று கையில் எடுத்தவள், பழக்கதோஷத்தில் தேதியைப் பார்த்தாள். தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"மாத்த மறந்துட்டீங்களா சார்?"

கே அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"மறக்கல. முப்பது வருஷம் ஆலையில தேதி பார்த்துப் பார்த்து மாத்தினவன் நான். இதெல்லாம் மறக்குமா?"

"அப்புறம்?"

"அதுவா நின்னு போகட்டும்னு விட்டுட்டேன். பாழாப்போனது நிக்க மாட்டேங்குது."

பெய்யூனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மூன்று வருஷமாக இந்த மனிதர் இது செத்துத் தொலையட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பின் ஏன் எனக்கு எழுதவில்லை, ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே என்று கேட்டாள்.

"எப்படிம்மா எழுதுறது? இதுக்குன்னே தனியா உட்கார்ந்து எழுதுறீங்க. ஒம்பது வருஷம் முன்னாடி தேறலன்னு ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே முந்நூறு வரி வந்து நின்னுச்சு. எங்கேயோ யாரோ இந்த ரகத்தை நம்பிக்கிட்டு இருக்காங்க, நான் அணைச்சுட்டா அவங்களுக்குச் சோதிக்க ஆள் இல்லைன்னு நெனச்சேன். உங்களைக் கைவிட்டுட்டுப் போறதா?"

"அப்படி யாருமே இல்ல சார். நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காகத்தான் அதை எடுக்காம வச்சிருந்தேன்."

"எனக்காகவா?"

"உங்களுக்காக மட்டும்தான்."

கே அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார். அவளும் சிரித்திருக்கலாம். நாலு வருஷம் மகள் வீட்டுக்குப் போகாமல் காதில் பஞ்சு வைத்துப் படுத்திருந்த ஆளை நினைத்தாள். அந்த முந்நூறு வரியை நினைத்தாள். அவர் மனசு நோகக்கூடாது என்று அவள், அவள் மனசு நோகக்கூடாது என்று அவர். இரண்டு பேரின் நல்ல குணத்தில் லட்சம் வீட்டுக் கதவு ஒன்பது வருஷம் திறந்து கிடந்திருக்கிறது. இதை அவரிடம் சொல்லக்கூடாது. செவ்வாய்க்கிழமை அவரே படிப்பார். தனியாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பார்.

"சரி, இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் கே.

பெய்யூன் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். ரயிலில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் வாயை மூடிக்கொள்கிறவர்கள் எதற்கு மூடிக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"அவசர வெளியீடெல்லாம் செவ்வாய்க்கிழமைதானே வரும்?"

"நான் ஒண்ணும் சொல்லல சார்."

"நானும் ஒண்ணும் கேக்கல." எழுந்து இயந்திரத்தின் பக்கவாட்டில் கை வைத்தார். அவளைப் பார்க்காமலேயே மெதுவாகக் கேட்டார். "நம்மாலதானா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள். அவர் தலையை ஆட்டினார். போதும், புரிந்துவிட்டது என்கிற மாதிரி. எந்தச் சட்டத்தை அவள் மீறினாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாளாக ஒற்றை ஆளாய்ச் சுமந்ததில் பாதி அந்த அறையில் இறங்கியது.

திங்கட்கிழமை வரை ஓடட்டுமா, கடைசியாக ஒரு பட்டியல் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், போதும் என்றாள். அவர் முறைப்படிதான் செய்தார். திரையில் கட்டளையைத் தட்டி, வட்டுகள் ஒவ்வொன்றாக அடங்குகிறவரை காத்திருந்து, பிறகு பின்னால் குனிந்து விசையைத் தள்ளினார். விசிறிகள் இரைச்சல் தேய்ந்து நின்றன. குளிர்பெட்டியையும் நிறுத்தினார். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். இனிமேல் கத்திப் பேச வேண்டியதில்லை.

மகளிடம் போங்கள் சார் என்றாள் பெய்யூன். அடுத்த மாதம் போய்விடலாம் என்றார். வீட்டை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும் என்றார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, தன் வீட்டு நாலாம் மாடியும் ஈரம் உறிஞ்சுகிற பெட்டியும் நினைவுக்கு வந்தன. அவரைக் கூப்பிட மகள் இருக்கிறாள்.

ஐந்தரை ரயிலுக்கு நிலையம் வரை கூட நடந்து வந்தார். நடைமேடையில் நின்றபோதுதான் அதைக் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கி.

"பெய்யூன், இனிமே திங்கட்கிழமை நான் என்ன எழுதுறது? சோதனைதான் கிடையாதே. எழுத ஒண்ணுமே இல்லையே."

பதினோரு வருஷத்தில் வேலை சம்பந்தமில்லாத ஒரு வரியைக்கூட இருவரும் எழுதிக்கொண்டதில்லை. ரயில் வந்து நின்றது. ஏறி, வாசலில் திரும்பி நின்றாள்.

"ஒண்ணும் இல்லேன்னா, ஒண்ணும் இல்லேன்னு எழுதுங்க சார்."

"அதை எதுக்கு எழுதணும்?"

"எனக்கு வேணும்" என்றாள் பெய்யூன்.